சென்னை கார்ப்பரேஷன்ல எதுக்கு யாரைப் பிடிக்கணும்? வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல "உங்க வார்டு நம்பர் தெரியுமா"ன்னு ஒரே ஒரு வரிதான் கேட்டிருந்தேன், அதுக்கு இத்தனை லெட்டர் வரும்னு நினைக்கல. பாதிப்பேர் தெரியாதுன்னு எழுதியிருக்கீங்க, மீதிப்பேர் வார்டு நம்பரோட சேத்து இத்தனை வருஷமா மனசுல வெச்சிருந்த கோவத்தையும் எழுதி அனுப்பிட்டீங்க. எல்லாத்துக்கும் இங்க இடம் பத்தாது. ஒரே மாதிரி வந்த கேள்விங்களை ஒண்ணா சேத்துட்டேன், யாரும் தப்பா எடுத்துக்காதீங்க.

கேள்வி: அக்கா, மழை விட்டு நாலு நாள் ஆச்சு, எங்க தெரு முனையில கருப்பா தண்ணி நிக்குது, பசங்க அதுல கால வெச்சுதான் ஸ்கூல் வேன் ஏறணும். ஒரு ஆபீஸ்ல சொன்னா இது எங்க வேலை இல்ல, அந்த ஆபீஸ்ன்றாங்க. அங்க போனா திரும்ப இங்கயே அனுப்புறாங்க. நான் யார்கிட்டதான் போறது? (ஒரு வாசகி, வடசென்னை)

பதில்: முதல்ல அந்தத் தண்ணி எங்கேர்ந்து வருதுன்னு கிட்ட போய் பாருங்கம்மா, மூக்கைப் பொத்திக்கிட்டாவது பாருங்க. ரோட்டு நடுவுல வட்டமா மூடி இருக்கும், அது பாதாள சாக்கடை மேன்ஹோல், அது மெட்ரோ வாட்டரோடது. ரோட்டு ஓரமா நீளத்துக்கு கான்கிரீட் சிலாப் போட்டு அங்கங்க சதுர மூடியோ கம்பி வலையோ வெச்சிருப்பாங்க, அது மழைநீர் வடிகால், அது கார்ப்பரேஷனோடது. வட்ட மூடிலேர்ந்து பொங்குதுன்னா 1916க்கு போன் பண்ணுங்க, ஓரத்து வடிகால்ல இறங்காம நிக்குதுன்னா 1913க்கு. 1978ல மெட்ரோ வாட்டர்னு தனி வாரியம் வந்தப்போ குடிதண்ணியும் சாக்கடையும் அவங்க கைக்குப் போச்சு, மழைத்தண்ணி கார்ப்பரேஷன்கிட்டயே இருக்கு. ஆபீஸ்தான் ரெண்டு, ரோட்டுல ரெண்டு தண்ணியும் ஒண்ணா கலந்துதான் நிக்கும், அதனாலதான் உங்களைப் பந்து மாதிரி அங்கயும் இங்கயும் விடுறாங்க.

நீங்க கருப்புன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, விஷயம் அதுலதான் இருக்கு. சும்மா தேங்கின மழைத்தண்ணி அவ்ளோ சீக்கிரம் கருப்பா மாறி நாறாது, பெரும்பாலும் யாரோ வீட்டு சாக்கடை பைப்பை மழைநீர் வடிகால்ல சொருகி விட்டிருப்பாங்க, இல்ல பக்கத்துல மேன்ஹோல் அடைச்சு அந்தத் தண்ணி வடிகாலுக்குள்ள இறங்கியிருக்கும். அப்போ இது ரெண்டு ஆபீஸ் வேலையும்தான், ஒருத்தர் மட்டும் வந்து சரி பண்ணவே முடியாது. ரெண்டு பேரையும் ஒரே நாள் ஒரே இடத்துல நிக்க வெக்கணும். கார்ப்பரேஷன்ல உங்க வார்டு ஏ.இ., அதாவது உதவிப் பொறியாளர், அவர் டிவிஷன் ஆபீஸ்ல காலையில போனா கிடைப்பார். மெட்ரோ வாட்டர்ல உங்க டிப்போ ஆபீஸ் இன்ஜினியர். ஒரே லெட்டரை ரெண்டு காப்பி எடுத்து ரெண்டு பேருக்கும் குடுங்க, ரெண்டு காப்பிலயும் மத்தவர் பேரையும் போட்டு, கூட்டா வந்து பாக்கணும்னு எழுதுங்க, வாங்கிக்கிட்டதுக்கு சீலும் தேதியும் கேட்டு வாங்குங்க. மெட்ரோ வாட்டர்ல மாசா மாசம் ரெண்டாவது சனிக்கிழமை காலையில 10 மணிலேர்ந்து 1 மணி வரைக்கும் ஏரியா ஆபீஸ்ல குறைதீர்க்கும் கூட்டம் வெக்கிறாங்க, நெறைய பேருக்கு இது தெரியாது, அங்கயும் அந்த லெட்டரோட போங்க.

எங்க தெருவுல இதே கதை ரெண்டு மாசத்துக்கு மேல ஓடுச்சு. நடுவுல ஒரு நாள் உங்க புகார் தீர்க்கப்பட்டதுன்னு மெசேஜ் வந்துச்சு, வெளிய வந்து பாத்தா தண்ணி அப்படியே நிக்குது, மெசேஜ் அனுப்பின ஆபீஸ்ல போய் கேட்டா காட்டின போட்டோ வேற ஏதோ தெரு. அன்னிலேர்ந்து நான் எடுக்கிற ஒவ்வொரு போட்டோலயும் முனைக்கடை போர்டு தெரியிற மாதிரி எடுப்பேன், நீங்களும் அப்படி எடுங்க. கடைசியில ரெண்டு ஆபீஸ் ஆளுங்களும் ஒண்ணா வந்து சிலாப்பைத் தூக்கினாங்க, மூங்கில் கொம்பு விட்டா முக்கா அடிகூட இறங்கல, உள்ள பூரா சேறும் கட்டட மண்ணும், அதுக்கு அடியில நனைஞ்சு கல்லு மாதிரி ஆன ஒரு தலகாணி. அதை எடுத்ததும் தண்ணி கண்ணு முன்னாடியே சலசலன்னு இறங்குச்சு. அந்தத் தலகாணி எங்க தெரு ஆளுங்க யாரோ போட்டதுதான், அதையும் சொல்லணும்.

கேள்வி: மேடம், எல்லாத்துக்கும் ஆப் வந்துடுச்சு, போட்டோ எடுத்துப் போட்டா வேலை நடக்குது. இன்னும் எதுக்கு கவுன்சிலர், கூட்டம், தீர்மானம் எல்லாம்? நேரா அதிகாரிங்களே பாத்துக்கலாமே? (ஐ.டி.ல வேலை பாக்குற வாசகர், பெருங்குடி)

பதில்: தம்பி, நீங்க கேக்குற மாதிரி கவுன்சிலரே இல்லாத சென்னையை நாங்க பாத்திருக்கோம். 1973ல மாநகராட்சி மன்றத்தைக் கலைச்சாங்க, திரும்ப தேர்தல் நடந்தது 1996ல, 23 வருஷம். ஒரு தலைமுறையே தன் வார்டு கவுன்சிலர் யாருன்னு கேக்காம வளந்துச்சு. அப்புறம் 2016 அக்டோபர்ல மன்றத்தோட காலம் முடிஞ்சது, அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரி 19ல. நடுவுல அஞ்சு வருஷத்துக்கு மேல எல்லாமே தனி அதிகாரி கையில. அந்த அஞ்சு வருஷத்துல குப்பை அள்ளாம இருந்தாங்களான்னா இல்ல, அள்ளினாங்க, லைட்டு எரிஞ்சுது. ஆனா எங்க சுடுகாட்டுக்குப் போற வழியில லைட்டு கம்பமே கிடையாது, அதை யார்கிட்ட கேக்குறதுன்னே எங்களுக்குத் தெரியல.

இருக்கிற லைட்டு எரியலன்னா ஆப் போதும், கம்பத்துல பெயின்ட்ல எழுதியிருக்கிற நம்பரைப் போட்டு கம்ப்ளெயின்ட் பண்ணுங்க, ஆள் வருவாங்க. கம்பமே இல்லாத எடத்துக்கு ஆப்ல என்ன நம்பர் போடுவீங்க? புதுசா ஒரு டாய்லெட், ஒரு பார்க், பால்வாடிக்கு ஒரு ரூம், வடிகாலே இல்லாத தெருவுக்கு வடிகால், இதெல்லாம் ரிப்பேர் இல்ல. எங்கயோ போக வேண்டிய பணத்தை இங்க திருப்பி விடுற வேலை, அதுக்கு மன்றத்துல ஒருத்தர் எழுந்து நின்னு உங்க தெரு பேரைச் சொல்லணும். கவுன்சிலருக்குன்னு வார்டு மேம்பாட்டு நிதி இருக்கு, அதுல என்ன பண்ணாங்கன்னு கேக்குற உரிமை உங்களுக்கு இருக்கு, 10 ரூபா கட்டணத்துல தகவல் உரிமைச் சட்டத்துல கேட்டா 30 நாள்ல பதில் தரணும்.

பெருங்குடின்னு போட்டிருக்கீங்க. 2011ல உங்க பக்கமெல்லாம் சென்னையோட சேந்தப்போ 174 சதுர கிலோமீட்டர் இருந்த மாநகராட்சி 426 ஆச்சு, 155 வார்டு 200 ஆச்சு, 10 மண்டலம் 15 ஆச்சு. 42 உள்ளாட்சிங்களை அப்படியே உள்ள சேத்தாங்க. அதுக்கு முன்னாடி கிராமப் பஞ்சாயத்தா இருந்த எடத்துல இருந்தவங்க தலைவர் வீட்டுக் கதவைத் தட்டினா போதும், இப்போ கார்ப்பரேஷன் தலைமை ஆபீஸான ரிப்பன் பில்டிங் எங்கயோ இருக்கு. அந்தத் தூரத்துக்கு நடுவுல இருக்கிற ஒரே ஆள் கவுன்சிலர்தான், அவரையும் வேணாம்னுட்டா மிச்சம் இருக்கிறது போன் மட்டும்தான்.

கேள்வி: எங்க வார்டு பெண்கள் வார்டு. கவுன்சிலரம்மா வீட்டுக்குப் போனா அவங்க வீட்டுக்காரர்தான் உக்காந்து பேசுறார், "என்கிட்ட சொல்லுங்க போதும்"ன்றார். என்ன பண்றது? (பேர் போட வேணாம்)

பதில்: லெட்டரை அந்தம்மா பேர்ல எழுதுங்க. "அம்மாவைப் பாத்து நேர்ல குடுக்கணும்"னு மரியாதையா சொல்லிட்டு உக்காருங்க. மூணு பேர் சேந்து போங்க, அதுலயும் பொம்பளைங்களா போங்க. பாதி இடம் பெண்களுக்குன்னு சட்டத்துல வாங்கினது சும்மா வரல. இந்த ஊர்ல 1957ல தாரா செரியன் மேயர் ஆனாங்க, அப்புறம் 1971ல காமாட்சி ஜெயராமன், அதுக்கப்புறம் 2022ல பிரியா வர வரைக்கும் அம்பது வருஷம் ஆச்சு. ஓட்டு வாங்கினது அந்தம்மாதான், நம்மளே வீட்டுக்காரர்கிட்ட மனு குடுத்துட்டு வந்துட்டோம்னா அந்த அம்மாவுக்கு யார் தைரியம் குடுக்குறது சொல்லுங்க.

கேள்வி: சொத்து வரி எப்போ கட்டினா தள்ளுபடி? (வாசகர், அம்பத்தூர்)

பதில்: அரையாண்டுக்கு ஒரு தடவை வரி. ஏப்ரல் 30க்குள்ள ஒண்ணு, அக்டோபர் 31க்குள்ள ஒண்ணு கட்டிட்டா 5 சதவீதம் குறையும், அதிகபட்சம் 5000 ரூபா வரைக்கும். ஆன்லைன்லயே கட்டலாம், ரசீதை பிரின்ட் எடுத்து ஃபைல்ல வெச்சுக்கோங்க.

கேள்வி: அம்மா, என் பொண்ணு லண்டன்ல ஈஸ்ட் ஹாம்ல இருக்கா. போன்ல பேசும்போதெல்லாம் கவுன்சில் கவுன்சில்னு சொல்றா. குப்பையா, கவுன்சில். வீட்டு வரியா, கவுன்சில். பையன் ஸ்கூல் சீட்டுக்கும் கவுன்சில்லதான் அப்ளை பண்ணாளாம். அங்க மட்டும் எப்படி எல்லாம் ஒரே எடத்துல நடக்குது? நம்ம மண்டல ஆபீஸும் அது மாதிரிதானே? (ஓய்வு பெற்ற ஆசிரியை, மயிலாப்பூர்)

பதில்: டீச்சர், உங்க கேள்வி எனக்கு ரொம்பப் பிடிச்சுது. லண்டன் ஒரே ஊர்னு நம்ம சொல்றோம், ஆனா நிர்வாகத்துல அது 32 பரோ, அதாவது தனித்தனி உள்ளாட்சிங்க, அதோட பழைய நகரத்துக்கு சிட்டி ஆஃப் லண்டன்னு தனியா ஒரு கார்ப்பரேஷன். ஈஸ்ட் ஹாம் நியூஹாம்ன்ற பரோவுல வருது. நம்ம மண்டலத்தைப் பாத்தா அது மாதிரியே தெரியும், ஆனா பெரிய வித்தியாசம் இருக்கு. ஒவ்வொரு பரோவுக்கும் தனியா தேர்தல், தனி மன்றம், தனி பட்ஜெட், வரி எவ்வளவுன்னு அவங்களே முடிவு பண்ணுவாங்க. நம்ம மண்டலம் ரிப்பன் பில்டிங்கோட ஒரு கிளை. மண்டலக் குழு இருக்கு, அதுக்குத் தலைவர் இருக்கார், அந்த மண்டலத்து கவுன்சிலருங்கதான் உறுப்பினருங்க, ஆனா பெரிய பணம், பெரிய முடிவு எல்லாம் மேலதான்.

அங்க பரோ கையில என்னென்ன இருக்குன்னு கேட்டா மலைப்பா இருக்கும். குப்பை, தெரு ரோடு, பார்க்கிங், லைப்ரரி, ஸ்கூல் அட்மிஷன், வயசானவங்களுக்கு வீட்டுக்கு ஆள் அனுப்பிப் பாத்துக்கிறது, வசதி இல்லாதவங்களுக்கு கவுன்சில் வீடு, பக்கத்து வீட்டுக்காரர் மாடி கட்டணும்னா அனுமதி. அந்த அனுமதிக்கு முன்னாடி அக்கம்பக்கத்துல இருக்கிறவங்க கருத்து சொல்ல பொதுவா 21 நாள் டைம் குடுப்பாங்க. அதுக்காக அங்க எல்லாமே ஒரே எடத்துலன்னு நினைச்சுடாதீங்க, பஸ்ஸும் மெட்ரோ ரயிலும் பெரிய ரோடுங்களும் லண்டன் மேயருக்குக் கீழ இருக்கிற போக்குவரத்து அமைப்போடது, போலீஸ் தனி, தண்ணி தனியார் கம்பெனி. அங்கயும் ரோட்டைத் தோண்டிப் போட்டா இது கவுன்சிலா தண்ணிக் கம்பெனியான்னு கேட்டுக்கிட்டுதான் இருக்காங்க.

வரி விஷயத்துலதான் எனக்கு ஆசையா இருக்கு. நம்ம ஊர்ல சொத்து வரி வீட்டுக்காரர் பேர்ல வரும். அங்க கவுன்சில் டாக்ஸ் பெரும்பாலும் வீட்டுல யார் குடியிருக்காங்களோ அவங்க பேர்ல வரும், வாடகைக்கு இருந்தாலும் சரி. வீட்டோட 1991 மதிப்பை வெச்சு எட்டு பிரிவா பிரிச்சிருக்காங்க. பேர் போட்ட பில்லு கையில வரும்போது கேக்குற தைரியமும் கூடவே வரும்னு நான் நினைக்கிறேன். உங்க பொண்ணுகிட்ட இன்னொண்ணும் சொல்லுங்க, இந்தியா காமன்வெல்த் நாடுங்கிறதால இந்திய பாஸ்போர்ட்டோட முறைப்படி விசா வாங்கி அங்க தங்கியிருக்கிறவங்க ஓட்டர் லிஸ்ட்ல பேர் சேத்துக்கிட்டா கவுன்சில் தேர்தல்ல ஓட்டுப் போடலாம். நெறைய பசங்க நமக்கு அங்க ஏது ஓட்டுன்னு விட்டுடுறாங்க.

ஆனா வயசு கணக்குல நம்மதான் மூத்தவங்க டீச்சர். இப்ப இருக்கிற அந்த 32 பரோ 1965ல வந்தது. மெட்ராஸ் கார்ப்பரேஷன் 1688 செப்டம்பர் 29ல ஆரம்பிச்சது, கிழக்கிந்தியக் கம்பெனி குடுத்த சாசனத்தை வெச்சு. ரிப்பன் பில்டிங் திறந்தது 1913, புகார் நம்பரும் 1913, ஸ்கூல் பசங்களுக்கு இப்படி சொல்லிக் குடுத்தா மறக்கவே மறக்காது.

கேள்வி: பேத்திக்கு ஆறு வயசு ஆகுது, பர்த் சர்ட்டிபிகேட்ல பேர் போடாமலே விட்டுட்டோம், "பெண் குழந்தை"ன்னுதான் இருக்கு. ஸ்கூல்ல கேக்குறாங்க. புரோக்கர் ஒருத்தர் மூவாயிரம் கேக்குறார். (ஒரு பாட்டி, ராயபுரம்)

பதில்: பாட்டி, ஒரு பைசா புரோக்கருக்குக் குடுக்காதீங்க. பிறந்து ஒரு வருஷத்துக்குள்ள பேர் சேத்தா இலவசம், அதுக்கு மேல 15 வருஷம் வரைக்கும் தாமதக் கட்டணம் 200 ரூபாதான். குழந்தை எந்த ஊர்ல எந்த ஆஸ்பத்திரில பிறந்துச்சோ அந்த எடத்துப் பதிவாளர்கிட்டதான் கேக்கணும், இப்போ நீங்க குடியிருக்கிற எடத்துல இல்ல, நெறைய பேர் இதுலதான் அலையறாங்க. பேர் ஒரு தடவை ஏறிட்டா அப்புறம் மாத்துறது ரொம்பக் கஷ்டம், அதனால இனிஷியல், தமிழ் எழுத்து, இங்கிலீஷ் ஸ்பெல்லிங் மூணையும் வீட்டுல உக்காந்து ஒரு பேப்பர்ல எழுதி, குழந்தையோட அம்மாவும் அப்பாவும் பாத்து சரின்னு சொன்னதுக்கு அப்புறம் குடுங்க. பதிவு ஆனதும் கார்ப்பரேஷன் வெப்சைட்லேர்ந்து சர்ட்டிபிகேட்டை இலவசமாவே இறக்கிக்கலாம், பக்கத்து வீட்டு காலேஜ் பசங்ககிட்ட சொன்னா ரெண்டு நிமிஷ வேலை.

கேள்வி: அக்கா நான் வாடகை வீட்டுலதான் இருக்கேன், ரெண்டு வருஷத்துக்கு ஒரு வீடு மாறுவோம். தெருவுல எது கேட்டாலும் "நீ என்ன வரியா கட்டுற"ன்னு சொந்த வீட்டுக்காரங்க வாயை அடைக்கிறாங்க. எனக்குக் கேக்க உரிமை இருக்கா? (வாசகி, விருகம்பாக்கம்)

பதில்: இருக்கு. உங்க வாடகையிலேர்ந்துதான் வீட்டுக்காரர் வரி கட்டுறார், இதை எந்த இடத்துலயும் தலை நிமிர்ந்து சொல்லுங்க. 1913க்கு போன் பண்ணா உங்க பேர்ல வீடு இருக்கான்னு யாரும் கேக்கப் போறதில்ல, எடம் எதுன்னுதான் கேப்பாங்க. ஆரம்ப சுகாதார நிலையத்துல குழந்தைக்குத் தடுப்பூசி போடும்போது பத்திரம் கேக்குறாங்களா? அம்மா உணவகத்துல 1 ரூபா இட்லி வாங்கும்போது கேக்குறாங்களா? 2013லேர்ந்து அந்த இட்லியைத் தின்னுட்டு வேலைக்குப் போறவங்கள்ல எத்தனை பேருக்கு சொந்த வீடு இருக்கும்?

ஒரு வேலை மட்டும் நீங்க பண்ணியாகணும். வீடு மாறினதும் ஓட்டர் ஐ.டி.ல அட்ரஸ் மாத்துங்க, ஃபார்ம் 8. வாடகைக்கு இருக்கிறவங்க பெரும்பாலும் இதை விட்டுடுறாங்க, ஓட்டு பழைய எடத்துலயே கிடக்கும், புது எடத்துல உங்களை யாரும் கணக்குல எடுக்க மாட்டாங்க. உங்க தெருவுல நாப்பது குடும்பம் வாடகைன்னா, நாப்பது குடும்பமும் லிஸ்ட்ல ஏறிட்டா, அடுத்த தேர்தலுக்கு கட்சி வட்டச் செயலாளர் உங்க வீட்டு வாசல்லதான் முதல்ல வந்து நிப்பார். கால்வாய் ஓரத்துல குடிசை போட்டு இருக்கிறவங்களுக்கும் இதே பதில்தான். உங்களைக் காலி பண்ண சொல்றப்போ மட்டும் கார்ப்பரேஷனுக்கு உங்க அட்ரஸ் தெரிஞ்சா போதாது, குப்பை அள்ளலன்னு நீங்க சொல்றப்பவும் தெரியணும்.

கேள்வி: நான் தூய்மைப் பணியாளர்மா. உங்க பக்கத்துல கேள்வி கேக்கலாமான்னு தெரியல. காலையில வண்டி எடுத்துக்கிட்டு தெருத் தெருவா வரோம். எல்லாத்தையும் ஒரே கவர்ல முடிச்சுப் போட்டுத் தராங்க. போன மாசம் உடைஞ்ச டியூப் லைட்டு கையைக் கிழிச்சுடுச்சு. ஜனங்களுக்குப் புரியற மாதிரி நீங்க ஒரு வார்த்தை எழுதுவீங்களா? (பேர் வேணாம்மா)

பதில்: உங்க லெட்டரைத்தான் முதல்ல போட்டிருக்கணும். படிக்கிற எல்லாரும் இப்போ எழுந்து போய் உங்க வீட்டு குப்பைக் கூடையைப் பாருங்க. சாம்பார்ல ஊறின முருங்கைக்காய் சக்கை, பால் கவர், பேட்டரி, ஷேவிங் பிளேடு, குழந்தை டயப்பர் எல்லாம் ஒரே கருப்பு கவர்ல முடிச்சுப் போட்டு இருக்கா? அந்த முடிச்சை யாரோ ஒரு அம்மா கையால அவுக்கணும். கிளவுஸ் போட்டிருந்தாலும் இன்சுலின் ஊசி அதுல நேரா இறங்கிடும்.

மக்குறது பச்சைக் கூடை, மக்காதது நீலக் கூடை, கூர்மையானது, மருந்து, பேட்டரி, டியூப் லைட்டு மாதிரி ஆபத்தானது சிவப்பு, 2016லேர்ந்து பிரிச்சுத் தரணும்னு விதியே இருக்கு. டியூப் லைட்டை வாங்கின அட்டை டப்பாவுலயே திரும்ப வெச்சுத் தாங்க. உடைஞ்ச கண்ணாடின்னா கெட்டியான பேப்பர்ல ரெண்டு சுத்து சுத்தி கயிறு கட்டி "கண்ணாடி"ன்னு ஸ்கெட்ச் பேனாவால எழுதுங்க. ஊசியை மூடியோட ஒரு பிளாஸ்டிக் பாட்டில்ல சேத்து வெச்சு தனியா கையில குடுத்து சொல்லுங்க. நாப்கினை பேப்பர்ல சுருட்டி தனியா. இதுக்கெல்லாம் சேத்து ஒரு நாளைக்கு அஞ்சு நிமிஷம் ஆகுமா? பிரிக்காம குடுத்த குப்பைதான் கொடுங்கையூர்லயும் பெருங்குடிலயும் மலையா குவிஞ்சுது, பெருங்குடியில அது குவிஞ்ச எடம் பள்ளிக்கரணை சதுப்பு நிலம், மழைத்தண்ணி போய் இறங்க வேண்டிய எடம். முதல் கேள்வியில நாலு நாளா நிக்கிற தண்ணிக்கும் உங்க கூடைக்கும் சம்பந்தம் இல்லன்னு நினைக்காதீங்க.

உங்களுக்கு ஒண்ணு சொல்லணும்மா. கை கிழிஞ்ச அன்னிக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துல டி.டி. ஊசி போட்டு சீட்டு வாங்கி வெச்சுக்கோங்க, சூப்பர்வைசர்கிட்ட வாயால சொல்லாதீங்க, ஒரு பேப்பர்ல எழுதிக் குடுங்க. உங்க கை இப்போ எப்படி இருக்கு, அதையும் எழுதுங்க.

கேள்வி: ஏரியா சபைன்னு நோட்டீஸ் பாத்து முதல் தடவையா போனேன். பத்து பேர்கூட இல்ல. மைக் குடுத்தாங்க, என்ன பேசுறதுன்னு தெரியாம உக்காந்துட்டேன். அடுத்த தடவை என்ன பேசலாம்? (இல்லத்தரசி, திருவொற்றியூர்)

பதில்: போனீங்களே, அதுக்கே உங்களுக்கு என் வணக்கம். ஒவ்வொரு வார்டையும் சின்னச் சின்ன ஏரியாவா பிரிச்சு, அந்த ஏரியா ஓட்டர் லிஸ்ட்ல இருக்கிற எல்லாருமே அந்த சபைக்கு உறுப்பினர்னு 2022ல விதி வந்துச்சு, அந்த வருஷம் நவம்பர் 1 உள்ளாட்சி தினத்துல தமிழ்நாட்டு நகரங்கள்ல நடத்தினாங்க. கிராம சபை மாதிரி நகரத்துக்கும் ஒண்ணு வேணும்னு ரொம்ப வருஷம் கேட்டு வந்தது அது. பத்து பேர்தான் வந்தாங்கன்னு வருத்தப்படாதீங்க, பத்து பேர்ல ஒருத்தர் பேசினா காதுல விழும்.

அடுத்த தடவை எல்லாத்தையும் பேசணும்னு போகாதீங்க. ஒரே ஒரு விஷயம் எடுத்துட்டுப் போங்க. உங்க தெரு பஸ் ஸ்டாப்புக்குப் போற வழியில லைட்டு இல்லன்னு வைங்க, அந்த வழியில எத்தனை கம்பத்துக்கு நடுவுல இருட்டு, ராத்திரி 9 மணிக்கு எத்தனை பொம்பளைங்க அந்த வழியா நடந்து வராங்கன்னு ஒரு நாள் வாசல்ல உக்காந்து எண்ணுங்க. அந்த எண்ணிக்கையை ஒரு பேப்பர்ல எழுதி, ஏழெட்டு பேர்கிட்ட கையெழுத்து வாங்கி, மைக்ல படிச்சுட்டு அங்கயே குடுத்துடுங்க. பேசினதை தீர்மானப் புத்தகத்துல எழுதச் சொல்லுங்க, எழுதினாங்களான்னு எட்டிப் பாருங்க, முடிஞ்சா அந்தப் பக்கத்தை போன்ல போட்டோ எடுத்துக்கோங்க. அதுக்கு அடுத்த கூட்டத்துல அந்தப் போட்டோவைக் காட்டி "போன தடவை இது எழுதினீங்க, என்ன ஆச்சு"ன்னு கேளுங்க. பக்கத்து வீட்டு அக்காவையும் கூட்டிட்டுப் போங்க. தனியா நின்னு பேசினா குரல் நடுங்கும், கூட ஒருத்தர் உக்காந்திருந்தா அவ்வளவா நடுங்காது.